நம்பியாரும் சேலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. மலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து "என்ன அது?" என்று கேட்பார்கள். "அந்தக் காலத்து சினிமா ஸ்டுடியோ, மாடர்ன் தியேட்டர்ஸ்" என்று பெரியவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பஸ் தாண்டிப் போயிருக்கும்.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய படம் ஒன்றைப் போட்டு அக்கம்பக்கத்தாரோடு பார்ப்பது வழக்கம். படம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் எழும் கேள்விகளில் பாதி எம். என். நம்பியாரைப் பற்றியதாகவே இருக்கும். கேட்டவற்றையே மறுபடி மறுபடி கேட்கிறார்கள் என்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

நம்பியார் யார் என்று என் பேத்தி கேட்கிறாள். இரண்டு வரியில் என்ன சொல்வது?

தமிழ்ப் படங்களில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர், பெரும்பாலும் கெட்டவராக வந்தவர், வீட்டிலோ பக்தராக, அமைதியானவராக வாழ்ந்தவர் என்று சொல்லுங்கள். முழுப் பெயர் மஞ்சேரி நாராயணன் நம்பியார். 1919 மார்ச் 7 அன்று பிறந்து 2008 நவம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். முதல் படம் 1935இல் வந்த 'பக்த ராமதாஸ்'.

அவர் சேலத்துக்காரர் என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். உண்மையா, ஐயா?

இல்லை. ஆனால் மாமனார் மீது கோபப்படாதீர்கள். எங்கள் ஊரில் அப்படி நம்புகிறவர்கள் பலர். நம்பியார் பிறந்தது வடகேரளத்தில், கண்ணூர்ப் பக்கம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஊட்டியில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். பதின்மூன்று வயதில் நாடகக் குழுவோடு புறப்பட்டுவிட்டார்.

சேலத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு 1950, 1951, 1952 ஆகிய மூன்று ஆண்டுகளில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படங்களால் ஏற்பட்டது. அந்தப் படங்கள் அவரைச் சூழ்ச்சிக்காரர், துப்பறிகிறவர், காதலர், அதிகார வெறியர் என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மனிதர்களாகக் காட்டின. நம்பியாரை 'வில்லன்' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறவர்களிடம் அந்த மூன்று ஆண்டுப் படங்களைப் பாருங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்கிறேன். இந்தப் பக்கத்தை எழுதியதே அதற்காகத்தான்.

பதின்மூன்று வயதில் நாடகக் குழுவா? பெற்றவர்கள் எப்படி அனுப்பினார்கள்?

அக்காலத்தில் அது அரிதான செய்தி இல்லை. பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட நாடகக் குழுக்கள் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு சோறும் உடையும் கொடுத்து, பாட்டு, வசனம், கத்திச் சண்டை எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தன. வறுமையான வீட்டுக்கு ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. பிள்ளைக்கு ஒரு தொழில் கிடைத்தது. பெண் வேடமும் சிறுவர்களே போட்டார்கள்; அதற்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். நாயகன் ராஜபார்ட், திருடன் கள்ளபார்ட். விடியற்காலையில் எழுப்பிவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களின் கண்டிப்பு கடுமையானது.

நம்பியார் சேர்ந்தது நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவில். ராமதாசர் நாடகத்தில் நவாப் வேடத்தைச் சிறப்பாகச் செய்ததால் பிள்ளையவர்களுக்கு அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பக்தி நாடகங்களுக்குப் பெயர்போன குழு அது. அவர்களுடைய ராமதாசர் நாடகமே திரைப்படமானபோதுதான் நம்பியார் ஒரு சிறு வேடத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். பிறகு சக்தி நாடக சபாவில் 'கவியின் கனவு' நாடகத்தில் ராஜகுருவாக நடித்துப் பெயர் வாங்கினார். 'மந்திரி குமாரி'யைப் பற்றிப் பேசும்போது இந்த ராஜகுருவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையாள வீட்டில் பிறந்தவரின் நாக்கில் தமிழ் எப்படி இவ்வளவு திருத்தமாக வந்தது என்று சிலர் வியக்கிறார்கள். பதின்மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு இரவும் ஆயிரம் பேருக்கு முன்னால், ஒலிபெருக்கி வசதி குறைந்த கொட்டகையில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தமிழ் வசனம் பேசியவர் அவர். தமிழாசிரியனாக முப்பது ஆண்டு வேலை பார்த்த எனக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஒன்று நினைவுக்கு வரவில்லை.

குணச்சித்திர நடிகர், வில்லன், துணை நடிகர் எல்லாம் ஒன்றுதானே?

மூன்றும் வேறு வேறு. துணை நடிகர் என்றால் திரையுலகில் கூட்டத்தில் நிற்பவர், காவலாளியாக ஈட்டி பிடிப்பவர், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருபவர். நம்பியாரைத் துணை நடிகர் என்று சொன்னால் அத்தொழிலில் உள்ளவர்கள் திருத்துவார்கள். வில்லன் என்பது கதையில் ஒருவர் இருக்கும் இடத்தைக் குறிக்கும் சொல்.

குணச்சித்திர நடிகர் என்பவர் தன் சொந்த முகத்தை விற்காமல், வேடத்தின் குணத்தை வரைந்து காட்டுகிறவர். நாயகனுக்கு எந்தப் படத்திலும் தன் முகமே போதும். குணச்சித்திர நடிகருக்கோ ஒவ்வொரு படத்திலும் நடை, குரல், வயது, பார்வை எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாக வேண்டும். எஸ். வி. ரங்காராவ், டி. எஸ். பாலையா, எஸ். வி. சுப்பையா, வி. கே. ராமசாமி ஆகியோரை இந்த வரிசையில் யாரும் தயங்காமல் சேர்ப்பார்கள். நம்பியாரையும் அதே வரிசையில் வைப்பேன். அவருக்குக் கெட்டவர் வேடம் அதிகம் கிடைத்தது என்பதால் அவருடைய கலை குறைந்துவிடாது.

வளைவு மட்டும்தானே நிற்கிறது? அதற்குள் அப்படி என்ன இருந்தது?

ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து முடிக்கத் தேவையான அத்தனையும் இருந்தது: படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் கூடம், அரங்கம் அமைக்கும் தச்சர்கள், ஆடை தைப்பவர்கள். சென்னைக்கு ஓடாமல் சேலத்திலேயே இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம் அது.

இதைக் கட்டியவர் டி. ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர், 1907இல் பிறந்தவர், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சினிமாவில் இறங்கினார். ஆலையை நடத்துவது போலவே ஸ்டுடியோவையும் நடத்தினார். நடிகர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள்; நேரம் தவறக்கூடாது; தொடங்கிய படம் குறித்த காலத்தில் முடிய வேண்டும். முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' (1938) இவர்கள் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) ஆகியவையும் இவர்களுடையவையே. கலைஞர் மு. கருணாநிதியும் கண்ணதாசனும் இங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள். சுந்தரம் 1963இல் மறைந்தார். பின்னர் மகன் ராமசுந்தரம் நடத்தினார்.

ஒரு குணச்சித்திர நடிகருக்கு இப்படிப்பட்ட இடம் பெரிய வரம். ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து படங்கள் நடக்கும்போது, இன்றைக்கு அரண்மனைச் சதிகாரராக நடித்தவரை நாளைக்குத் துறவியாகவும் போட்டுப் பார்க்கலாம் என்ற துணிவு முதலாளிக்கு வரும். சுந்தரத்துக்கு அந்தத் துணிவு வந்தது.

'மந்திரி குமாரி'யில் வில்லன் நம்பியாரா, எஸ். ஏ. நடராஜனா? எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டையே நடந்தது.

இருவரும்தான். அதுதான் அந்தப் படத்தின் சிறப்பு. குண்டலகேசிக் கதையை அடிப்படையாகக் கொண்டு கருணாநிதி எழுதிய நாடகம் 1950இல் படமானது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் தாயகம் திரும்பியதும் டி. ஆர். சுந்தரம் முடித்தார். எம்.ஜி.ஆர். தளபதி வீரமோகன். நடராஜன் பகலில் பெரிய இடத்துப் பிள்ளையாகவும் மறைவில் கொள்ளைக்காரனாகவும் திரியும் பார்த்திபன். நம்பியார் அந்தப் பார்த்திபனின் தந்தை, அரசனை ஆட்டி வைக்கும் ராஜகுரு.

தீமையைத் தந்தைக்கும் மகனுக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மகனுடையது இளரத்தத்தின் கொதிப்பு. மலை உச்சிக்கு மனைவியை அழைத்துக்கொண்டு போகிறவன் அவன். கணவனை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்டு அவனையே தள்ளிவிடும் மந்திரி குமாரியின் காட்சியைக் குண்டலகேசி படித்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். தந்தையுடையது அரியணைக்கு அருகில் நின்று காதோரம் பேசும் தீமை. அரசனிடம் ஒரு குரல், தனிமையில் மகனிடம் இன்னொரு குரல். நடராஜனைப் பார்த்துப் பயந்தோம் என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். நான் பயந்தது நம்பியாரைப் பார்த்துத்தான், ஏனென்றால் அவர் கோபப்படுவதற்கு முன்பே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும்.

அப்போது நம்பியாருக்கு வயது 31 என்பதையும் சொல்ல வேண்டும். வளர்ந்த மகனுக்குத் தந்தையாக, அரசனுக்கே அறிவுரை சொல்லும் மூத்தவராக அவரை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். நாயகனான எம்.ஜி.ஆர். உண்மையில் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். நாடக மேடையில் ராஜகுருவாக நின்ற நாட்கள்தான் அந்த வயதை அவருக்குக் கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

நம்பியார் கதாநாயகனாக நடித்தார் என்றால் என் நண்பர் சிரிக்கிறார். எந்தப் படம், சொல்லுங்கள்.

'திகம்பர சாமியார்'. அதே மாடர்ன் தியேட்டர்ஸ், அதே 1950. நண்பரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்கள் ஒரு தலைமுறையைத் தூங்கவிடாமல் படிக்க வைத்தவை. அவற்றில் ஒன்றை டி. ஆர். சுந்தரம் இயக்கினார். துறவிக் கோலத்தில் இருந்துகொண்டு குற்றங்களைத் துலக்கும் சாமியாராக நம்பியார் வருகிறார். குற்றவாளிகளை நெருங்குவதற்காகப் பல மாறுவேடங்கள் போடுகிறார். பதினொரு வேடம் என்று கணக்குச் சொல்வார்கள். நாங்கள் பார்த்தபோது கூடத்தில் இருந்த ஒரு அம்மாள் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நடுவில் கதையில் மூழ்கி எண்ணிக்கையை விட்டுவிட்டார்.

இன்றைக்கு ஒப்பனைக்காக ரப்பர் முகமூடி, கணினி வித்தை எல்லாம் இருக்கின்றன. அன்றைக்கு இருந்தவை ஒட்டுத்தாடி, தலைப்பாகை, கொஞ்சம் மை. மீதியை உடம்புதான் செய்ய வேண்டும். ஒரு வேடத்தில் தோள் இறங்கியிருக்கும். இன்னொன்றில் கழுத்து முன்னே நீண்டிருக்கும். பேச்சின் வேகம் மாறும். ஒரே ஆண்டில், ஒரே ஸ்டுடியோவில், கொடிய ராஜகுருவும் அறத்தின் பக்கம் நிற்கும் இந்தச் சாமியாரும் ஒரே மனிதர் என்பதை நான் கல்லூரி நாட்களில் முதன்முதலாக உணர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து தொடங்கியதுதான் அவர்மீது எனக்குள்ள இந்தப் பற்று.

அப்படியானால் ஏன் நாயகனாகவே தொடரவில்லை?

முயற்சிகள் நடந்தன. 'திகம்பர சாமியா'ருக்கு முன்பே 'வேலைக்காரி' (1949) படத்தில் வேலைக்காரப் பெண்ணைக் காதலிக்கும் ஜமீன் வீட்டுப் பிள்ளை மூர்த்தியாக நடித்திருந்தார். அங்கே அவர் வில்லனே இல்லை. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கல்யாணி'யில் பி. எஸ். சரோஜாவோடு நாயகனாக வந்தார். பத்து ஆண்டு கழித்து 'கவிதா'விலும் அவருக்கு முதன்மை வேடம்.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன். 1952இல் சிவாஜி கணேசன் வந்தார், எம்.ஜி.ஆர். மேலே மேலே போனார். ஜெமினி கணேசன் காதல் நாயகனானார். நாயகன் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அதே நேரத்தில் அந்த நாயகர்கள் எதிர்த்து நிற்பதற்கு ஒரு தகுதியான ஆள் தேவைப்பட்டது. எதிரி வலுவாக இல்லாவிட்டால் நாயகனின் வெற்றிக்கு மதிப்பில்லை. அந்த இடத்துக்கு நம்பியாரைப் போல் பொருத்தமானவர்கள் மிகச் சிலரே. பட வாய்ப்பு என்று பார்த்தால் அவருக்கு அதனால் குறை ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் 'திகம்பர சாமியார்' போல இன்னும் ஐந்து படம் வந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் தீரவில்லை.

ஆங்கிலப் படத்தில் நடித்தாராமே?

ஆமாம். 'தி ஜங்கிள்', 1952. மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தது. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்ற ஹாலிவுட் நடிகர்களோடு நம்பியாரும் நடித்திருக்கிறார்.

'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவன் நம்பியார்தானே?

இல்லை, பி. எஸ். வீரப்பா. நம்பியார் அந்தப் படத்தில் இல்லை. இந்த இருவரையும் மாற்றிச் சொல்வது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு: 'மந்திரி குமாரி' ராஜகுரு நம்பியார், 'நாடோடி மன்னன்' (1958) ராஜகுரு வீரப்பா. அந்த இரண்டாவது படத்தில் நம்பியார் பிங்கலனாக வருவார். வாய்விட்டு அதிரச் சிரித்தால் வீரப்பா. சிரிக்காமலே கண்ணால் மிரட்டினால் நம்பியார் என்று என் மாணவர்களுக்கு அடையாளம் சொல்வேன்.

சேலத்தில் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் நம்பியார் சிவாஜிக்கு மாமாவாக வருவாரே, அதைப் போடுங்களேன்.

இது நன்கு படம் பார்த்தவர்களும் சறுக்கும் இடம். 'உத்தம புத்திரன்' என்ற பெயரில் இரண்டு படங்கள் உண்டு. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது 1940இல், பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார்; தமிழில் இரட்டை வேடத்துக்கு வழிகாட்டிய படம் அது. நீங்கள் சொல்வது 1958இல் வீனஸ் பிக்சர்ஸ் எடுத்த சிவாஜி படம். நம்பியார் இருப்பது இரண்டாவதில். அதற்கும் எங்கள் ஊர் ஸ்டுடியோவுக்கும் தொடர்பில்லை. ஆனால் கட்டாயம் போடுகிறேன்.

எம்.ஜி.ஆருக்கும் அவருக்கும் நிஜத்திலும் பகை இருந்ததா?

இல்லை. இருவரும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள், எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனான 'ராஜகுமாரி' (1947) படத்திலேயே நம்பியார் உடன் நடித்திருக்கிறார். 'சர்வாதிகாரி' (1951) சேலத்தில் இருவரும் மோதிய இன்னொரு படம். நாட்டையே தன் பிடிக்குள் கொண்டுவரத் துடிப்பவராக நம்பியார் வருவார். பல ஆண்டுகள் ஒருவரோடு ஒருவர் வாள் வீச வேண்டுமானால் முதலில் வேண்டியது நம்பிக்கை. ஒரு நொடி கை தவறினால் காயம் நிச்சயம். பகைவர்கள் அப்படிச் சண்டை போட முடியாது.

மக்கள்தான் பகைமை பாராட்டினார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) வந்தபோது எனக்கு ஒன்பது வயது. டென்ட் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் என்னை உட்கார வைத்துக்கொண்டாள் என் பாட்டி. கோழையான எம்.ஜி.ஆரை அக்காள் கணவர் நம்பியார் சாட்டையால் அடிக்கும் காட்சி வந்தது. பாட்டி அந்த மணலில் ஒரு பிடி அள்ளித் திரையைப் பார்த்துத் தூற்றி, "நீ விளங்குவியா?" என்று கத்தினாள். முன்வரிசைக்காரர்கள் தலையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்களே தவிர யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களும் அதே நினைப்பில்தான் இருந்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு செய்தித்தாளில் நம்பியார் கறுப்பு வேட்டியோடு இருமுடி தாங்கி நிற்கும் படம் வந்தது. நான் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "இவனா அவன்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அன்றைக்கு மண் தூற்றிவிட்டேனே, சாமி" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

சபரிமலைக்கு அவர் போனதெல்லாம் படம் ஓடுவதற்காகச் செய்த விளம்பரம் என்கிறார்களே?

சொல்கிறவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் சபரிமலை யாத்திரை பரவலாகத் தெரியாத காலத்திலேயே நவாப் ராஜமாணிக்கம் குழு ஐயப்பன் நாடகம் போட்டு ஊர் ஊராகச் சென்றது. நம்பியாருக்குப் பக்தி அந்த வழியில் இளமையிலேயே வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மலைக்குச் சென்றார். பக்தர்கள் அவரை மகா குருசாமி என்று அழைத்தார்கள். புகழ் வருவதற்கு முன்பே தொடங்கி, படங்கள் குறைந்த பிறகும் தொடர்ந்த ஒன்றை விளம்பரம் என்று எப்படிச் சொல்வது? சைவ உணவும் மது தொடாத வாழ்க்கையும் அவருக்கு விரத நாட்களுக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை.

அவர் காலமானதும் கார்த்திகை பிறந்த சில நாட்களில், ஊரெல்லாம் மாலை போட்டுக்கொண்டிருந்த பருவத்தில்.

கையைப் பிசைவதும் கண்ணை உருட்டுவதும்தானே அவர் நடிப்பு? மிமிக்ரி செய்பவர்கள் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் நியாயமான கேள்விதான். மிமிக்ரிக் கலைஞர் அரை நிமிடத்தில் அடையாளம் காட்ட வேண்டும். அதற்கு ஒரு கை, ஒரு கண் போதும். அதையே நாம் திரும்பத் திரும்பப் பார்த்து, அவ்வளவுதான் நம்பியார் என்று முடிவுகட்டிவிட்டோம். வண்ணப் படக் காலத்தில் அவருக்குக் கிடைத்த வேடங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஒரே வேடத்தை ஐம்பது முறை கொடுத்தால் எந்த நடிகருக்கும் சில பழக்கங்கள் தங்கிவிடும். அந்தப் பழி எழுதியவர்களுக்கும் உண்டு.

'மிஸ்ஸியம்மா' (1955) படத்தில் கொடுத்த கடனைக் காட்டி நாயகியை மணக்கப் பார்க்கும் டேவிட்டாக வருகிறாரே, அவருக்கு வாளும் இல்லை, சதியும் இல்லை. நம் தெருவில் காணக்கூடிய ஒரு தொல்லைக்காரர், அவ்வளவுதான். 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) அதற்கு நேர் எதிர். ஸ்ரீதர் இயக்கிய மறுபிறவிக் கதை. சாதியும் அந்தஸ்தும் பார்த்து மகனின் காதலைக் கொன்ற ஜமீன்தார், நூறு வயதைக் கடந்த பிறகும் அந்த வெறுப்பு குறையாமல் காத்திருக்கிறார். 'மந்திரி குமாரி' பற்றிய பதிலில் 31 வயது என்று சொன்னேன் அல்லவா? இந்தக் கிழவராக நடித்தபோது அவருக்கு 44. அந்த முதுகின் வளைவையும், உடம்பு ஒடுங்கிப்போன பிறகும் கண்ணில் மட்டும் அணையாமல் இருக்கும் நெருப்பையும் பார்த்துவிட்டு, கை பிசைவதுதான் அவர் நடிப்பு என்று யாராவது சொன்னால் நான் வாதாடமாட்டேன். இன்னொரு முறை பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

வயதான பிறகு நல்லவராக நடித்தது வேறு வழியில்லாமலா?

1982இல் வந்த 'தூறல் நின்னு போச்சு' படத்தை நினைத்துக் கேட்கிறீர்கள். பாக்கியராஜ் நம்பியாரை நாயகனுக்குத் துணை நிற்கும் வாத்தியாராகப் போட்டார். 63 வயதில் தேகக்கட்டுடன், குறும்பும் பாசமும் கலந்து அவர் செய்த அந்த வேடத்தைப் பார்த்துப் பலர் "நம்பியாருக்குச் சிரிப்பு மூட்டவும் தெரியுமா?" என்று வியந்தார்கள்.

'திகம்பர சாமியார்' பார்த்த சேலத்துக்காரர்களுக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. 1950இலேயே அவரிடம் இருந்ததுதான் அது. யாரும் கேட்காததால் முப்பது ஆண்டு வெளியே வராமல் இருந்தது.

அவருடைய படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?

நான் எங்கள் கூடத்தில் போட்ட வரிசையைச் சொல்கிறேன். முதலில் 'மந்திரி குமாரி', மறுவாரமே 'திகம்பர சாமியார்'. இரண்டுக்கும் இடையே வேறு படம் எதையும் பார்க்காதீர்கள். அப்போதுதான் ஒருவரே இருவராக இருப்பது புலப்படும். பிறகு 'மிஸ்ஸியம்மா', அதன்பின் 'எங்க வீட்டுப் பிள்ளை'. கடைசியாகத் 'தூறல் நின்னு போச்சு'.

'நெஞ்சம் மறப்பதில்லை'யைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பகலிலேயே போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை ஒரு மழைநாள் மாலையில் போட்டுவிட்டு, எதிர்வீட்டுச் சிறுவனை இரவு பத்து மணிக்கு நானே கையைப் பிடித்து அவன் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவர வேண்டியதாயிற்று.